டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது மேடவாக்கம். இன்று அங்கே மாடி வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும், முன்னாளில் வயல்களுக்கு நீர் ஈந்த ஏரிகள் அவ்வூரில் இன்னும் இருக்கின்றன. கோடை வெயிலில் காய்ந்து கிடந்த ஏரிக்கரையின்மேல் முதல் மழைத்துளிகள் விழுந்ததும் ஒரு மணம் எழும். அதனை மண்வாசனை என்கிறோம். அது வெறும் மண்ணின் மணம் அன்று. மண்ணுக்குள் கண்ணுக்குப் புலனாகாமல் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளே அம்மணத்திற்குப் பெருங்காரணம் ஆகும். அந்நுண்ணுயிர்களுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனம். காசநோயை அடக்கிய முதல் மருந்து இவ்வினத்தைச் சேர்ந்த ஓர் உயிரிலிருந்து கிடைத்தது. அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரிலிருந்து பொன்னிறமான வேறொரு மருந்து கிடைத்தது. அம்மருந்தைத் தேடும் பணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் கல்வி பயின்ற ஒருவர். அவர் பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர் கண்ட மருந்துகளை உண்டு நலம் பெற்றோர் உலகெங்கும் உளர். அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இப்பொழுது அவ்வூர் ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தந்தையார் பெயர் ஜகந்நாதம். தாயார் பெயர் வேங்கம்மாள். தந்தையார் வருவாய்த் துறையில் சிறு பணி ஒன்றில் இருந்தார். நோய் காரணமாக அவர் உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற நேர்ந்தது. பிள்ளைகள் பலர் உள்ள அக்குடும்பத்தை வறுமை வாட்டியது.

இளமையில் சுப்பாராவின் உள்ளம் படிப்பில் படியவில்லை. ஒருநாள், காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எண்ணி, அவர் வீட்டை விட்டே ஓடிவிட்டார். வழியிலேயே அவரைக் கண்டுபிடித்து மீட்டு வந்தனர். தாயார் மகனைக் கடிந்து, மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்துத் தேறினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சியாளர் ஆனவர் பள்ளித் தேர்வில் இருமுறை தவறினார் என்பதைக் கேட்டு நீங்கள் வியக்கலாம். அறிவு இல்லாமையால் அவர் தோற்கவில்லை. அவருடைய அறிவைத் தன்பால் ஈர்க்கும் பொருள் அதுகாறும் அவருக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை.

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்ற நாளில் அவர் நாட்டம் துறவின்பால் சென்றது. இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்து தொண்டாற்ற விரும்பினார். தாயாரின் இசைவு கிடைக்கவில்லை. மடத்தைச் சேர்ந்த பெரியோர்களும், மருத்துவம் கற்று நோயாளர்க்குத் தொண்டு செய்வதே தக்கது என்று அவருக்கு அறிவுரை கூறினர். அதனால் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-ஆம் ஆண்டில் அவருக்கும் சேஷகிரி என்னும் பெண்மணிக்கும் திருமணம் நடைபெற்றது. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி பொருளுதவி செய்து அவர் கல்வி தடைப்படாமல் காத்தார்.

அக்காலம் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கிய காலம். அயல்நாட்டுத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு அடிகள் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். சுப்பாராவும் கதர் உடுத்தினார். அதனோடு நில்லாமல், அறுவை மருத்துவக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்து அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராய் இருந்த பிராட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. ஏனைய பாடங்களில் நன்கு தேர்ச்சி பெற்றிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டது. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். என்னும் சான்றே அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு முழத் துணிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அரசாங்க மருத்துவப் பணியில் சேர முயன்றார், அதுவும் கைகூடவில்லை.

இத்துன்பங்களினும் பெருந்துன்பம் ஒன்றும் அவரைத் தாக்கியது. அவருக்குப் புருஷோத்தம், கிருஷ்ணமூர்த்தி என்னும் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். ஸ்புரூ என்னும் கொடிய வயிற்று நோய் அவர்களைப் பற்றியது. கிராணி என்று நம்மவர் வழங்கும் நோய்களுள் ஒன்று இது. இந்நோய் கண்டவர் உண்ட உணவின் சத்து உடலில் சேராது, இடையறாத கழிச்சல் உண்டாகும், நாப் புண்ணாகும், குருதி வற்றி உடல் வெளுத்து மெலியும். எட்டு நாள் இடைவெளியில் இருவரும் மாண்டனர். மருத்துவம் கற்ற ஒருவர் வீட்டிலேயே இவ்வாறு நேர்ந்தும் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்நோய்க்கு அந்நாளில் மேனாட்டு மருத்துவத்தில் தக்க மருந்து இல்லை.

சென்னையில் டாக்டர் ஆசண்ட இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் சுப்பாராவ் உடற்கூற்று ஆசிரியராக அமர்ந்தார். இந்த இலட்சுமிபதியின் மனைவியாரே உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற ருக்மிணி இலட்சுமிபதி அம்மையார். எழும்பூரில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயுர்வேத மருந்துகள் சில நோய்களைத் தீர்ப்பதைச் சுப்பாராவ் நேரிற் கண்டார். அவை எக்காரணத்தால் தீர்க்கின்றன, அவற்றில் உள்ள எப்பொருள் தீர்க்கிறது என்று அறிய அவர் உள்ளம் துடித்தது. அதனை அறியும் வழி வேதியியலே என்பதை உணர்ந்தார். மாமனார் தந்த பொருளும், காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் கொண்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்திற்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று எண்ணியே புறப்பட்டார். இளம் மனைவியார் ஊரிலேயே தங்கினார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்து அவர் பட்டயம் பெற்றார். கையிலோ பொருள் இல்லை. ஆதலின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஏவலாளாக அமர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையைச் செய்து வயிறு வளர்த்தார். பகலெல்லாம் ஆராய்ச்சிக்கூடம், இரவெல்லாம் மருத்துவமனை. அவர் புறப்பட்ட பின்னர் ஊரில் அவருக்கு ஆண்மகவு பிறந்தது. அக்குழந்தையின் முகத்தை அவர் காணவே இல்லை. அது குழவிப் பருவத்திலேயே இறந்துவிட்டது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரிடம் சுப்பாராவ் பணியாற்றினார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை எளிதாகக் காணும் முறை ஒன்றை இருவரும் வகுத்து 1925-இல் வெளியிட்டனர். சோதிக்கும் நீர்மத்தோடு சில பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் நீலம் மிகும். குறைந்திருந்தால் நீலம் வெளிறும். அந்நிறத்தின் அடர்த்தியை அளந்து பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடலாம். உயிர்வேதியியல் பயில்வோர் இன்றும் இதனை ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே வழங்குவர். இம்முறையைத் துணையாகக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927-இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டனர். நாம் கையை மடக்கும்போதும் காலை வீசும்போதும் தசை சுருங்குவதற்கு வேண்டும் ஆற்றலைத் தருவது இந்த ஏ.டி.பி.யே. அதே ஆண்டில் செர்மனியில் லோமான் என்பவரும் தனியே ஆராய்ந்து இதனைக் கண்டார். சுப்பாராவ் 1930-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்துணை உழைத்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. புகழின் பெரும்பகுதி ஃபிஸ்கேயைச் சார்ந்தது. சுப்பாராவின் கண்டுபிடிப்புகள் சில வெளிவராமல் ஃபிஸ்கே தடுத்தார் என்றும், அவற்றைப் பின்னர் வந்தோர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் குறிப்பிட்டிருக்கிறார். ஹிச்சிங்ஸ் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் பயின்றவர். ஆதலின் அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. சுப்பாராவோ இதுபற்றிப் பூசலிட்டவர் அல்லர்.

அவர் 1940-இல் நியூயார்க்கு நகரத்திற்கு அண்மையில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரும் ஆனார். அங்கே முதலில் அவர் மேற்கொண்ட முயற்சி, குருதிச் சோகைக்கு மருந்து காண்பதாகும். இலூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்து, ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கருவுற்ற மகளிரின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்டில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதனைத் தீர்க்கிறது என்று 1931-இல் வெளியிட்டிருந்தார். அப்பொருளே ஃபோலிக் அமிலம். ஈரலிலும் கீரையிலும் மிகச் சிறிய அளவில் உள்ள அதனைச் சுப்பாராவின் குழுவினர் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்தனர். அது ஸ்புரூ நோயாளர்க்கும் பயன்பட்டது. தம் தமையன் தம்பியரின் குருதியை வற்றச் செய்த நோய்க்கு இருபது ஆண்டுகட்கு மேல் கடந்து, கடல் கடந்த நாட்டில், அவர் மருந்தில் ஒரு பாதியைக் கண்டார்.

மறுபாதி மண்ணிலிருந்து கிடைத்தது. அக்கதையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

சுப்பாராவ் சென்னையில் பயின்ற காலத்தில் பாக்டீரியாக்களால் வரும் நோய்களுக்கு மருந்து ஏறக்குறைய இல்லை எனலாம். டாக்டர் சௌரிமுத்து என்பார் 1928-இல் தாம்பரத்தை அடுத்துக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு இவையே அங்கு முதன்மையான மருத்துவம். சானடோரியம் என்னும் அம்மருத்துவமனையின் பெயரே இன்று அவ்விடத்துப் புகைவண்டி நிலையத்தின் பெயராக விளங்குகிறது. அதே 1928-ஆம் ஆண்டில்தான் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஆயினும் 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிளோரி, செயின் என்னும் இருவரும் முயன்ற பின்னரே அது மருந்தாயிற்று. அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஷாட்சு என்னும் இளைஞர் 1943-இல் மண்ணில் வாழும் உயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கி மற்றொரு நுண்ணுயிரை அடக்கும் இத்தகைய பொருள்களை நுண்ணுயிர்க்கொல்லிகள் என்கிறோம். ஆன்டிபயாடிக் என்று மருத்துவர் கூறுவதும் இதுவே.

பெனிசிலினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் குறைகள் இருந்தன. சீழ்ப்புண், நிமோனியா முதலியவற்றை உண்டாக்கும் கிருமிகளைப் பெனிசிலின் மிகச் சிறிய அளவிலேயே அழித்தது. ஆனால் குடலில் வாழும் கிருமிகள் பலவற்றின்பால் அதன் வலிமை செல்லவில்லை. அன்றியும், இரைப்பையின் அமிலத்தில் அது சிதைந்துவிடுதலின் அந்நாளில் ஊசி வழியாகவே செலுத்த வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் குடற்கிருமிகள் பலவற்றையும் காசநோய்க் கிருமியையும் தாக்கியது. ஆனால் அதனைத் தனியே கொடுத்து வந்தால் கிருமிகள் விரைவில் அதற்குப் பழகிவிட்டன. சிலருக்குச் செவிப்புலனும் கெட்டது. இரு வகைக் கிருமிகளையும் ஒருங்கே அடக்குவதும், வாய்வழி உட்கொள்ளத் தக்கதுமான ஒரு மருந்து வேண்டும் என்று சுப்பாராவ் கருதினார்.

அதனைத் தேடுவதற்கு அவர் துணையாகப் பெற்றவர் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர். டக்கர் 1872-இல் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவர். எழுபது வயதைக் கடந்த முதியவரை ஆராய்ச்சிக்கு அழைத்தமை பலருக்கு வியப்பாய் இருந்திருக்கும். சுப்பாராவ் வயதைப் பார்க்கவில்லை. மண்ணையும் பூசணத்தையும் பற்றி அம்முதியவர் அறிந்திருந்ததையே பார்த்தார். டக்கர் பல இடங்களிலிருந்தும் மண்ணை வரவழைத்தார். சிட்டிகை மண்ணிலும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழும். மேடவாக்கத்து ஏரிமண்ணிலும் அவ்வாறே. அவற்றைத் தனித்தனியே பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றும் எக்கிருமியை எவ்வளவு அடக்குகிறது என்று சோதித்தல் வேண்டும்.

அச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நலம். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் பொருளை இறைச்சிச் சாற்றுடன் காய்ச்சி, மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றினால், அது ஆறியதும் கூழ்போல் உறையும். அதன் நடுவே ஒரு கோடாக மண்ணுயிரை விதைத்துச் சில நாள் வளரவிடுவர். பின்னர், அக்கோட்டை நோக்கிக் குறுக்கே பலவகைக் கிருமிகளை வரிவரியாகத் தீற்றுவர். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், சில வரிகள் நடுக்கோடுவரை வளர்ந்திருக்கும். சில வரிகள் தொலைவிலேயே நின்றுபோயிருக்கும். நின்றுபோன கிருமிகளை அம்மண்ணுயிர் அடக்குகிறது என்பது தெளிவாகும். பிரித்தெடுத்த மருந்தைச் சிறு தாள்வட்டில் தோய்த்து, கிருமி விதைத்த தட்டின்மேல் வைப்பதும் உண்டு. வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். வளையம் பெரிதாயின் மருந்தும் வலியது என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. சில மருந்துகள் கூழில் விரைந்து பரவும். சில மெல்லப் பரவும். மெல்லப் பரவும் மருந்து வலியதாய் இருப்பினும் சிறு வளையமே தரும். ஆகவே, இரு வேறு மருந்துகளின் வளையங்களை அருகருகே வைத்து அளவுகோலால் அளந்து தீர்ப்புக் கூறுதல் பிழையாய் முடியும்.

இன்னும் நுட்பமாக ஒப்பிடுவதற்கு வேறு முறை உண்டு. கண்ணாடிக் குழாய்கள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் ஒரே அளவு சத்துநீரை ஊற்றுவர். முதற்குழாயில் மருந்து ஒரு பங்கு; அடுத்ததில் அரைப் பங்கு; பிறகு கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே செல்வர். கடைசிக் குழாயில் மருந்தே இராது. எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமியை இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருப்பர். காலையில், கிருமி வளர்ந்த குழாய் கலங்கியிருக்கும். வளராத குழாய் தெளிந்திருக்கும். மருந்து இல்லாத குழாய் கலங்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் இட்ட கிருமியே செத்துப்போயிருந்தது என்று பொருள். அன்றைய சோதனை வீண். தெளிந்து நிற்கும் குழாய்களுள் எதில் மருந்து மிகக் குறைவோ, அவ்வளவே அக்கிருமியை அடக்கப் போதுமான அளவாகும். மருந்துக்கு மருந்து அவ்வளவை ஒப்பிட்டால், எது எக்கிருமிக்கு ஏற்றது என்பது புலனாகும்.

இவ்வாறு சோதித்து வருகையில், மிசௌரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்போர்ன் என்னும் பழைய ஆராய்ச்சி வயலிலிருந்து 1945-இல் ஒரு மண் வந்தது. 1888-ஆம் ஆண்டு முதல் பயிராராய்ச்சி நடந்துவரும் வயல் அது. எருவிடாமல் புல் விளைத்து வந்த ஒரு பாத்தியிலிருந்து அம்மண் எடுக்கப்பட்டது. அதில் பொன்னிறப் பொருளை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று இருந்தது. தட்டில் அதனைச் சுற்றிப் பலவகைக் கிருமிகள் நின்றுபோயின. ஏ-377 என்று அதற்கு எண்ணிட்டனர். பொன் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு, அது தந்த மருந்துக்கு ஆரியோமைசின் எனப் பெயர் வைத்தனர்.

பின்னர் மூன்றாண்டுக் காலம் சோதனை நடந்தது. சீழ்க்கிருமிகளின்மேல் பெனிசிலினைப் போல் அத்துணைச் சிறிய அளவில் ஆரியோமைசின் வேலை செய்யவில்லை. ஆனால் பெனிசிலின் தீண்டாத குடற்கிருமிகள் பலவற்றையும் அது அடக்கியது. காசநோயில் ஸ்ட்ரெப்டோமைசினின் இடத்தை அதனால் பெற இயலவில்லை. ஆயினும் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிர்களை அது அடக்கியது. பெனிசிலினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அடங்காதவை அவை. ரிக்கெட்சியா அகர்க்கூழில் வளராது. உயிருள்ள அணுக்களுக்குள் மட்டுமே வளரும். ஆதலின் கருவுள்ள கோழிமுட்டைகளில் அதனை வளர்த்தே மருந்தைச் சோதித்தனர். அவ்வாறு வளர்க்கும் முறையை வகுத்த ஹெரால்டு காக்ஸ் என்பவரும் அதே நிலையத்தில் பணியாற்றியது நல்வாய்ப்பாயிற்று.

ஒப்பீட்டில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஆரியோமைசின் சத்துநீரில் நிலைத்து நிற்பதில்லை. உடல் வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் அதன் வலிமையின் பெரும்பகுதி போய்விடும். ஓர் இரவில் வளரும் கிருமிகளைக்கொண்டு சோதிக்கும்போதே அதன் வலிமை குறைவாகத் தோன்றும். மெல்ல வளரும் கிருமிகளைக்கொண்டு பல நாள் சோதித்தாலோ, மருந்தே இல்லாததுபோல் குழாய் கலங்கிவிடும். உண்மையில் தோற்றது மருந்து அன்று; மருந்து அழிந்த பின்னர்க் கிருமி வளர்ந்தது. கண்ணாடிக் குழாய் சொல்வதை அப்படியே நம்பாமல், அது ஏன் அவ்வாறு சொல்கிறது என்று வினவத் தெரிந்தவரே ஒப்பிடத் தக்கவர். எலிகளின் உடலில் சோதித்தபோது மருந்தின் உண்மையான வலிமை விளங்கியது. வாய்வழி கொடுத்தாலும் அது பயன் தந்தது.

நோயாளர்களுக்கு அதனை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தவர், நியூயார்க்கு ஹார்லெம் மருத்துவமனையைச் சேர்ந்த லூயி ரைட் என்னும் நீக்ரோ இனத்து அறுவை மருத்துவர். அமெரிக்க நாட்டில் நிறவேற்றுமை தலைவிரித்தாடிய காலம் அது. இந்தியர் ஒருவர் தலைமையில், ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் கண்ட மருந்தை, ஒடுக்கப்பட்ட இனத்து மருத்துவர் ஒருவர் உலகிற்கு வழங்கத் தொடங்கினார் என்பது எண்ணத்தக்கது. 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூயார்க்கில் அறிஞர் அவை கூடியபோது ஆரியோமைசின் பற்றிய செய்திகள் விரிவாக வெளியிடப்பெற்றன. அதற்கு முந்திய ஆண்டில் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து குளோராம்பெனிகால் என்னும் மருந்தும் கிடைத்திருந்தது. பலவகைக் கிருமிகளை ஒருங்கே தாக்கும் மருந்துகளின் காலம் இவ்விரண்டோடும் தொடங்கியது எனலாம்.

இதற்கிடையே சுப்பாராவின் குழுவினர் வேறு மருந்துகளையும் கண்டனர். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை இரத்தத்தில் அழிக்கும் டயெதில்கார்பமசின் 1947-இல் வெளிவந்தது. யானைக்கால் நோயைத் தடுக்க நம் நாட்டில் சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் வந்து கொடுத்த மாத்திரை அதுவே. ஃபோலிக் அமிலத்தைச் சிறிது மாற்றி அமைத்த அமினோப்டெரின் என்னும் பொருளைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது என 1948-இல் அவர் வெளியிட்டார். அதுவரை அந்நோயைத் தணித்த மருந்து ஒன்றும் இருந்ததில்லை.

ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அறிவிக்கப்பட்டபோது சுப்பாராவ் பின்வரிசையிலேயே நின்றார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் உடன் உழைத்தவர் பெயர்கள் இருக்கும். அவர் பெயர் இராது. காப்புரிமை கேட்பதிலும் செய்தியாளரைச் சந்திப்பதிலும் அவருக்கு விருப்பம் இல்லை. இது அவருடைய பெருந்தன்மை என்று சொல்வோம். அதன் பயனாகவே அவர் மறக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே சென்றன. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மீண்டும் எழவில்லை. மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் நீங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 53. இந்தியா விடுதலை பெற்று அப்பொழுதுதான் ஓராண்டு நிறைவெய்த இருந்தது. கதர் அணிந்ததற்காகப் பட்டம் இழந்தவர் விடுதலை பெற்ற நாட்டைக் காணவில்லை. சேஷகிரி அம்மையாரும் கப்பலேறிச் சென்ற கணவரை அதன்பின் காணவே இல்லை.

அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1953-இல், புதிதாகக் கண்ட பூசண இனம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அறிஞர் பெயரிட்டனர். பிறந்த நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. ஆரியோமைசினிலிருந்து குளோரினை நீக்கி 1950-களில் டெட்ராசைக்கிளின் செய்தனர். 1994-இல் சூரத்து நகரில் கொள்ளைநோய் அச்சம் பரவியபோது மக்களுக்கு வழங்கப்பட்ட மருந்து அதுவே. இம்மருந்துகளுக்குப் பழகிவிட்ட கிருமிகளும் பின்னர்ப் பெருகின. ஆகையால், இன்ன கிருமிக்கு இன்ன மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று நோயாளியின் கிருமியையே தட்டில் வளர்த்து, தாள்வட்டுகளை அதன்மேல் வைத்துப் பார்க்கும் வேலை நம் ஊர் மருத்துவமனைகளின் சோதனைச் சாலைகளிலும் நாள்தோறும் நடைபெறுகிறது.

ஸ்புரூ நோய்க்கும் இன்று மருந்து உண்டு. குருதி ஊறுவதற்கு ஃபோலிக் அமிலமும், சிறுகுடலில் பல்கிய கிருமிகளை அடக்குவதற்கு டெட்ராசைக்கிளினும் சேர்த்துச் சில திங்கள் கொடுக்கின்றனர். முன்னது சுப்பாராவின் குழுவினர் செய்தது. பின்னது அவர்கள் கண்ட பொன்னிற மருந்தின் வழிவந்தது. புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் எட்டு நாள் இடைவெளியில் மாண்டது அந்நோயாலேதான்.